கனமா, லேசா

குத்தியது இடது கை மோதிர விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே. அப்போது மணி பத்து நாற்பது. குத்தியதும் முதல் காரியமாகக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறோம், புத்தி இன்னும் கலங்கவில்லை என்று கோமதிநாயகத்துக்கு ஒரு சின்னப் பெருமை. முப்பத்தோரு வருஷமாகக் கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தைக் கட்டிக் காக்கிற மனிதருக்கு இந்த மாதிரி நேரத்திலும் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தில் வேறு யாரும் இல்லை, கீழே எங்கோ விளக்குமாறு சத்தம் மட்டும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர்கள் வலையில் வந்த கழிசலை அவருக்கென்று ஒரு வாளியில் போட்டு வைப்பார்கள். ஞாயிறு காலை போய் அதை வாங்கி வந்து கடல் தண்ணீரோடு மேஜைமேல் வைத்து, உள்ளே கையைவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிப்பது அவருக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி. கையுறை போடமாட்டார். மாணவர்களைப் போடச் சொல்லுவார், அவர் போடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவியே இனம் சொல்வது அவருடைய வித்தை. வகுப்பில் செய்து காட்டிக் கைதட்டு வாங்கிப் பழகி, இப்போது ஒருவரும் இல்லாத அறையிலும் கண்ணை மூடிக்கொள்கிறார். அப்படி மூடியிருந்தபோதுதான் குத்தியது. கண்ணைத் திறந்தால் வாளிக்குள் முள் பந்து மாதிரி இரண்டு கடல் முள்ளெலி, ஒரு செத்த நண்டு, உடைந்த சிப்பிகள், அவற்றுக்கு நடுவே உயிரோடு ஒரு கூம்புச் சங்கு. இரண்டு விரல் நீளம். மேலே பழுப்புத் தோல், நனைந்த சாக்குத் துணி மாதிரி, உள்ளே என்ன நிறம் என்ன கோலம் என்று காட்டாமல் மூடியிருந்தது. அதைத் தூக்கிக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே மூடிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். விரலைப் பார்த்தார். ஒரு புள்ளி. ஒரு துளி ரத்தம்கூட முழுதாக வரவில்லை. வலி இல்லை, அதுதான் சரியில்லை. முள்ளெலி குத்தியிருந்தால் இந்நேரம் விரல் திகுதிகுவென்று எரிய வேண்டும், எரியவில்லையே, புழு தின்கிற கூம்புச் சங்கு என்றாலும் குளவி கொட்டின மாதிரி கடுக்கும் என்பார்கள், கடுக்கவில்லையே, வலிக்காமல் குத்துவதற்கென்று அந்தக் குடும்பத்தில் ஒருத்தர்தான் பேர்போனவர், பேச்சுவார்த்தையே இல்லாமல் காரியத்தை முடிக்கிற ஆசாமி. வலி, கொஞ்சம் வாயேன், என்று அவர் விரலைப் பார்த்துக் கெஞ்சினார். கட்டை விரலால் அந்தப் புள்ளியை அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் வலிக்கிற மாதிரி இருந்தது, ஆனால் அழுத்தினால் எந்த விரலும்தான் வலிக்கும்.

கனமா, லேசா. தொட்டியில் போடும்போது அது கையில் கனத்ததா, லேசாக இருந்ததா. அது தெரிந்தால் போதும், பாதி விஷயம் முடிந்தது. கூம்புச் சங்குக் குடும்பத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் இனம் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லாம் வெதுவெதுப்பான கடலில் இருப்பவை, எல்லாம் ஒரே வார்ப்பு, மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல், பக்கவாட்டில் நீளமாக ஒரு வாய்க் கீறல். பகலெல்லாம் மணலுக்குள் படுத்துக் கிடக்கும், இருட்டியதும் எழுந்து வேட்டைக்குப் போகும். மற்ற நத்தைக்கெல்லாம் நாக்கில் அரம் மாதிரி பல் வரிசை. இதுகளுக்கு மட்டும் அந்தப் பல் ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள ஊசியாகிவிட்டது. ஒரு பைக்குள் ஊசிகளை அடுக்கி வைத்திருக்கும். வேண்டும்போது ஒன்றை எடுத்துத் தும்பிக்கை மாதிரி நீள்கிற வாய் நுனியில் பிடித்து, விஷத்தை நிரப்பி, எய்துவிடும். ஒரு ஊசி ஒரு தரத்துக்குத்தான், அடுத்த தரம் புது ஊசி. ஆஸ்பத்திரிக்காரர்களைவிடச் சுத்தம் என்று வகுப்பில் சொல்வார், பையன்கள் சிரிப்பார்கள். சாப்பாட்டை வைத்து மூன்று பந்தி. பெரும்பாலானவை புழு தின்னி, பாவம், மனிதரை ஒன்றும் செய்யாது. சில, தன் சாதி நத்தையையே தின்கிறவை. ரொம்பக் கொஞ்சம்தான் மீன் தின்னி. ஓடுகிற மீனைத் தவழ்கிற நத்தை பிடிக்க வேண்டுமென்றால் விஷம் எப்படி இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள் என்பார். அந்த மீன் தின்னிகளில் ஒன்றுதான் வலிக்காமல் குத்துகிற அந்த ஆசாமி, ஜியோகிராஃபஸ். ஓடு மெல்லிசு, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசு, வாய்க் கீறல் கீழே போகப் போக அகலம், தோள்பட்டையில் சின்னச் சின்ன முண்டு. வாயைப் புனல் மாதிரி விரித்து மீனை முழுசாக உள்ளே வாங்கிக்கொள்ளும். மனிதனைக் குத்தினால் அதற்கு முறிமருந்து கிடையாது. விஷம் தானாக இறங்கும்வரை மூச்சு நின்றுபோகாமல் பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், வைத்தியம் அவ்வளவுதான். இதையெல்லாம் அவர்தான் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார். கடைசி வரி சிவப்பு மையில்: தனியாக இருக்கும்போது உயிருள்ள கூம்புச் சங்கைத் தொடாதீர்கள். யாருக்கு எழுதினீர் ஓய், என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கனமா, லேசா. எத்தனையோ ஆயிரம் சங்கை எடைபோட்ட கை இது, இந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டது. கையை ஏந்தின மாதிரி வைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தார். கனமாக இருந்தது என்று நினைத்தால் கனமாக இருந்தது. லேசாக இருந்தது என்று நினைத்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. நான்கடி தூரத்தில் தொட்டி. எழுந்து போய்த் துண்டை விலக்கினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் எழுந்திருக்கவில்லை.

யாருக்காவது சொல்ல வேண்டும். பத்து ஐம்பத்தைந்து. செல்பேசியைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆட்டோவில் பத்து நிமிஷம். போனால் அவசரப் பிரிவு வாசலில் ஒரு பெண் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு என்ன கடிச்சது என்பாள். நத்தை என்று சொல்ல வேண்டும். நத்தையா என்பாள். பக்கத்தில் இருக்கிறவளைப் பார்ப்பாள். அதுகூடப் பரவாயில்லை, சிரிப்பது அவருக்குப் புதிதல்ல, முப்பத்தோரு வருஷமாக நத்தை வாத்தியார் என்றுதான் பெயர். அடுத்த கேள்விதான். கூட யாரு வந்திருக்கா? எந்த ஆஸ்பத்திரியிலும் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். போன வருஷம் கண் புரை எடுக்கப் போனபோது கேட்டார்கள். யாரும் வரலை என்றார். அப்படிச் சேர்க்க மாட்டோம் சார், கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும், மருந்து வாங்க ஒரு ஆள் வேணும் என்றார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்து அரை நாள் அண்ணனாக இருக்கச் சொன்னார். அந்த ஆள் நல்ல மனுஷன், அண்ணனாகவே இருந்தான், டீ வாங்கிக் கொடுத்தான், புறப்படும்போது பார்த்துப் போங்க தம்பி என்றான். அவனுடைய நம்பரை வாங்கி வைத்திருக்கலாம். தங்கை சிவகாமியைக் கூப்பிடலாம். தென்காசியிலிருந்து வர மூன்று மணி நேரம். அதற்குள் எது ஆகவேண்டுமோ அது ஆகிவிடும். ஆனால் சொன்னால் அழுவாள், அழுதுகொண்டே மாப்பிள்ளையிடம் சொல்வாள், அவர் பின்னாலிருந்து உங்க அண்ணனுக்கு வேற வேலை இல்லை என்பார், அது இங்கே கேட்கும். சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்துவிட்டு நத்தையை அளைந்துகொண்டு கிடக்கிறானே என்று அம்மா இருந்தவரை அடுக்களைக்குள் விடவில்லை. ஊருக்குப் போனால் குளித்துவிட்டுத்தான் சோறு. கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டால் சிவகாமி ஒரு கதை வைத்திருக்கிறாள், சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அம்பாசமுத்திரத்தில் பெண் பார்க்கப் போனோம், பெண்ணுடைய அப்பா கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு சங்கை எடுத்துக்கொண்டு வந்து, மாப்பிள்ளை, நானே தனுஷ்கோடிக் கரையில் பொறுக்கினது என்றார், அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நம்ம கடலிலேயே கிடையாது, பிலிப்பைன்ஸ் சரக்கு, கடையில் வாங்கியிருப்பீர்கள் என்றான், அவ்வளவுதான், காபிகூட வரவில்லை. பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பச்சைச் சேலை. அவர் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள், அது சிவகாமிக்குத் தெரியாது, அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவைக் கேலி செய்கிற சிரிப்பா, அவரைக் கேலி செய்கிற சிரிப்பா, அல்லது வேறு மாதிரிச் சிரிப்பா என்று எத்தனையோ வருஷம் யோசித்தாயிற்று. ஆமாம் ஐயா, தனுஷ்கோடிச் சங்குதான் என்று சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும். சொல்ல வரவில்லை. வாய் வராது. உதடு. உதட்டில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. அவர் நாக்கால் மேலுதட்டைத் தடவினார். காலையில் குடித்த காபியின் கசப்பு இருந்தது, மரத்துப்போகவில்லை, கசப்பு தெரிகிறது என்றால் மரத்துப்போகவில்லை.

பொன்னையாவைக் கூப்பிடலாம். நாகர்கோவிலில்தான் இருக்கிறார், நம்பர் மாறியிருக்காது, பொன்னையா எதையும் மாற்றுகிறவர் இல்லை. பதினான்கு வருஷம் இதே மேஜையில் எதிர் எதிராக உட்கார்ந்து பதினோரு மணி டீ குடித்தவர்கள். பொன்னையாவுக்குக் கூம்புச் சங்கின் விஷம், இவருக்கு ஓடு. நீர் சட்டையைப் பார்க்கிறீர், நான் ஆளைப் பார்க்கிறேன் என்று பொன்னையா கிண்டல் பண்ணுவார். அவரிடம் ஆராய்ச்சி செய்த ஒரு பெண், வைசாலி, மூன்று வருஷம் கடலோரமெல்லாம் அலைந்து ஒரே இனத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். கடைசி வாய்மொழித் தேர்வு, சபை நிறைய ஆள், அவளுடைய அப்பா அம்மா முதல் வரிசையில் பட்டுச் சேலையும் வேஷ்டியுமாக, மேஜையில் இனிப்புப் பெட்டி. யாருக்காவது கேள்வி உண்டா என்று வழக்கத்துக்குக் கேட்டார்கள். வழக்கத்துக்குத்தான் கேட்பார்கள், யாரும் எழுந்திருப்பதில்லை. கோமதிநாயகம் எழுந்தார். படத்தில் காட்டிய குஞ்சுச் சங்குகளில் பாதி நீங்கள் சொல்கிற இனமே இல்லை, தோளைப் பாருங்கள், அது வேறு என்றார். சொன்னது சரி. திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்கள், சரிதான். அந்தப் பெண்ணுக்குப் பட்டம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள், இனிப்புப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பொன்னையா வந்து, எனக்கு முந்தின நாளே தனியா சொல்லியிருக்கலாமே ஓய் என்றார். முந்தின நாள் எனக்குத் தெரியாது, படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்றார் இவர். அதுவும் சரி. மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஒரு டீயைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வருஷம் பொன்னையா மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர் என்றால் பெயர், அதில் என்ன முகதாட்சண்யம், தப்பான பெயரை ஒட்டி ஒரு சங்கை அலமாரியில் வைத்தால் அது நூறு வருஷம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கும், இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எல்லாம் சரியாகச் சொல்லிச் சொல்லி இந்த அறையில் அவரும் நாலாயிரம் ஓடுகளும் மிச்சம். பதினோரு மணி இருபது. பொன்னையா, எனக்கு ஒரு கூம்புச் சங்கு குத்திவிட்டது என்றால் அவர் முதலில் என்ன கேட்பார், என்ன இனம் என்று கேட்பார். தெரியவில்லை என்றால் உமக்கா தெரியவில்லை என்பார். அப்புறம்? அப்புறம் அவர் அழக்கூடும், பொன்னையா லேசில் அழுகிறவர். அதை நினைத்ததும் இவருக்குத் தொண்டை அடைத்தது, தொண்டை அடைத்ததும் பயம் வந்துவிட்டது, அடைப்பது துக்கமா விஷமா. எச்சிலை விழுங்கினார். இறங்கியது. இன்னொரு தரம் விழுங்கினார், இந்தத் தரம் வாயில் எச்சிலே இல்லை. அவர் செத்துப்போவதற்குப் பயப்பட்டார். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததில்லை, ஐம்பத்தேழு வயது, பெண்டாட்டி பிள்ளை என்று பொறுப்பில்லை, வந்தால் வரட்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்தான். நாளைக் காலை கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வரும்போது கதவைத் திறந்து பார்க்கிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்பதை நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை.

விஷம் ஏறினால் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும், அதுதான் வரிசை. எதிரே அலமாரி ஒன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் கம்பியை எண்ணினார், ஏழு, திரும்ப எண்ணினார், ஏழு. பேச்சைச் சோதிக்க வேண்டும். என்ன பேசுவது? தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மனிதனிடம் என்ன இருக்கிறது, வாய்க்கு எது வந்ததோ அதைச் சத்தமாகச் சொன்னார். தொகுதி மெல்லுடலிகள். வகுப்பு வயிற்றுக்காலிகள். குடும்பம் கோனிடே, கூம்புச் சங்குகள். ஓடு கூம்பு வடிவம், வாய் நீளம், மூடி சிறியது, சில நேரம் இல்லாததும் உண்டு. ழகரம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பதற்காகப் புழு, புழு, புழு தின்னி என்றார். ஆழத்தில் வாழ்வன, கழிமுகத்தில் வாழாதன. நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் நிறுத்தினால் வராமல் போய்விடுமோ என்று திரும்பவும் தொகுதியிலிருந்து ஆரம்பித்தார், மூன்றாவது தரம், நான்காவது தரம், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, கோயிலில் தேவாரம் சொல்கிற மாதிரி ஒரு ராகம்கூட வந்துவிட்டது, ஐந்தாவது தரம் வகுப்பு வயிற்றுக்காலிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விளக்குமாற்றுச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தார்.

வாசலில் ஜெபமணி நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிறவள், அவர் வயதுதான் இருக்கும், இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறாள். நாளைக்குக் குழு வருகிறதென்று ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் ஆராதனைக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறாள், வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளோடு அவர் பேசியதெல்லாம் சாவி, தண்ணீர், கண்ணாடிமேல் துடைப்பம் படாமல் பார்த்துக்கோங்க, அவ்வளவுதான்.

"யாருகூட சார் பேசிக்கிட்டு இருக்கீய?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏசுவே. சட்டையெல்லாம் தெப்பமா நனைஞ்சிருக்கு. என்ன செய்யுது சார்? நெஞ்சு வலிக்கா?"

"ஒண்ணுமில்லைம்மா. நீங்க வேலையைப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு, போய்விடுவாளோ என்று பதறினார். அவள் போகத் திரும்பவில்லை. அப்படியே நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே முடியாது. சொல்வதற்கு என்ன இருக்கிறது, நாலு வார்த்தை, ஆனால் அந்த மாதிரி வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "ஜெபமணியம்மா, எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் பக்கத்துல இருக்கீங்களா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என்ன ஏது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், விரலைக் காட்டினார், தொட்டியைக் காட்டினார். நத்தையா என்று அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டாளுக கடலுக்குப் போறவுக தானே சார். இது கிடந்தா எங்கய்யா வலையோட சேத்து உதறிப்புடுவாரு, கையால எடுக்க மாட்டாரு. சிலது ஒண்ணும் செய்யாதும்பாவ, சிலது ஆளையே கொண்டுபோயிரும்பாவ. இது எது?"

"அதான் தெரியலை."

"உங்களுக்கே தெரியலையா?"

"பாக்கலை. துணியை எடுக்கப் பயமா இருக்கு."

"நல்லா இருக்கு போங்க" என்றாள். அடுத்த மேஜையில் சோதனைக் குழாய் பிடிக்கிற நீள இடுக்கி கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். குறுகின பக்கத்தில்தான் ஊசி, அகலமான பக்கமாகப் பிடிங்க, கை படக்கூடாது, தள்ளியே நில்லுங்க என்று அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தெரியும் சார் என்றாள். துண்டை உருவினாள். இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டாள். ஒரு தரம் வழுக்கியது, கண்ணாடியில் டங்கென்று பட்டது, அந்தச் சத்தம் அவருடைய காதுக்குள் போய் உட்கார்ந்தது, மெல்லிசு ஓட்டின் சத்தமா அது, மெல்லிசு ஓடு அப்படியா கேட்கும். இரண்டாவது தரம் பிடித்துவிட்டாள். தூக்கினாள். அவள் மணிக்கட்டு சட்டென்று கீழே இறங்கியது.

"யப்பா, கல்லு மாதிரில்லா கனக்கு. இம்புட்டூண்டு இருந்துக்கிட்டு."

அவள் அதை அவர் பார்க்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். தண்ணீர் சொட்டியது. தோள் வழவழவென்று உருண்டிருந்தது, ஒரு முண்டு இல்லை. வாய்க் கீறல் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், அரிசி நுழையாத அகலம். இடுக்கி பட்ட இடத்தில் பழுப்புத் தோல் கொஞ்சம் உரிந்து, அடியில் காப்பிப்பொடி நிறமும், அதன்மேல் மயிரிழை மாதிரி வரிகளும் தெரிந்தன. ஃபிகுலினஸ். மன்னார் வளைகுடாவில் கூடை கூடையாகக் கிடைக்கிற சாதாரணப் புழு தின்னி. முதல் வருஷப் பையன்கூடச் சொல்லிவிடுவான். எல்லாரும் காலில் மிதித்துக்கொண்டு போகிற சரக்கு. அதுதான் குத்தியதோ, முள்ளெலி நுனிதான் பட்டதோ, எதுவானாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. உடம்பு முழுக்க ஏதோ அவிழ்ந்து இறங்கியது. சாகப்போவதில்லை. மத்தியானம் மெஸ்ஸுக்குப் போகலாம், மாடி அறைக்குப் போய் மின்விசிறியைப் போட்டுப் படுக்கலாம், சாயங்காலம் எழுந்து துணி துவைக்கலாம், நாளைக்குக் குழு வரும், அடுத்த ஞாயிறு வாளி வரும். ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றது, எல்லாவற்றிலும் அவர் மட்டும் இருந்தார். மூச்சு நன்றாக உள்ளே போய் நன்றாக வெளியே வந்தது.

ஜெபமணி சங்கைத் திரும்பத் தொட்டியில் விட்டுவிட்டு இடுக்கியை உதறினாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துட்டீயளா? என்ன சாதி சார் இது? கெட்டதா, நல்லதா?"

அவர் அவளைப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே பயந்திருந்தாள். அவருக்காக ஒருத்தர் அப்படிப் பயந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ தெரியாது. பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு அவர் சொல்லாமல் இருந்ததே கிடையாது.

"தெரியலைம்மா" என்றார் கோமதிநாயகம். "தோல் மூடியிருக்கு, பேர் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் இருந்துதான் பாக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும்."

ஜெபமணி வெளியே எட்டிப் பார்த்தாள். பாதி கூட்டிய வராந்தா அப்படியே கிடந்தது. பிறகு உள்ளே வந்து, மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, இருக்கேன். வாயை மூடாதீய, பேசிக்கிட்டே இருங்க" என்றாள். "உங்களுக்குக் கூடப்பிறந்தவுக எத்தனை பேரு?"